யாரை நம்பி டிக்கெட் எடுப்பது?

வெள்ளிக்கிழமை நெருங்கினால் எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரே சண்டை. நாலைந்து படம் வருகிறது, எதற்குப் போவது? ஒருவன் ஹீரோ பெயரைச் சொல்வான். ஒருத்தி "டைரக்டர் யாரு?" என்பாள். இன்னொருவன் ட்ரெய்லரை அனுப்பிவிட்டு "வெறித்தனம்ல?" என்பான். நாலாவது ஆள் "ரிவ்யூ வரட்டும்டா" என்று சொல்லிவிட்டு ஞாயிறு வரை காணாமல் போய்விடுவான். கடைசியில் யார் குரல் சத்தமாக இருக்கிறதோ அவன் சொன்ன படத்துக்குப் போவோம். திரும்பி வரும்போது சத்தம் போட்டவன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான்.

வாரம் தவறாமல் படம் பார்க்கிறவன் என்பதால் "நீ எப்படித்தான் முடிவு பண்றே?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தமிழ்ப் படம் பார்க்கும் ஒருவர் கையில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை, சண்டைக்கு வரலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், பலிக்குமா. அந்த வழியை நம்பிப் போனால் பெரும்பாலும் திருப்தியோடு வெளியே வருவோமா என்பது.

இரண்டாவது, புதுசைக் காட்டுமா. ஏற்கெனவே பிடித்ததையே திரும்பத் திரும்பத் தரும் வழி பாதுகாப்பானதுதான், ஆனால் ரசனை அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது, சுவாரசியம் மிஞ்சுமா. சில வழிகளில் முடிவெடுப்பதற்குள் பாதிக் கதை தெரிந்துவிடும்.

நான்காவது, சறுக்கினால் என்ன போகும். டிக்கெட் காசு மட்டும் இல்லை. புக்கிங் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன், போக வர நேரம் எல்லாம் சேரும். அதைவிடப் பெரிய நஷ்டம், கூட்டிப்போனவர்களிடம் நமக்கு இருந்த மரியாதை. அம்மாவை ஒரு தடவை தப்பான படத்துக்கு அழைத்துப்போய்ப் பாருங்கள், அடுத்த ஆறு மாதத்துக்கு "நான் வீட்டிலேயே சீரியல் பாத்துக்கறேன்" என்பதுதான் பதில்.

## நடிகரை நம்பினால்

இருப்பதிலேயே சுலபமான வழி. போஸ்டரில் பெரிதாக இருப்பது அவர் முகம்தான். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் நாள் போகிறவர் படத்துக்கு மட்டும் போவதில்லை. விசில், பேப்பர் மழை, டைட்டில் கார்டுக்கே எழும் கூச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். படம் சுமார் என்றாலும் அந்தக் காலைப் பொழுது வீணாகாது. இதை மட்டமாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் படத்தின் தரத்தைக் கணிக்க நடிகர் பெயர் போதாது. 1990-இல் கமல்ஹாசனுக்கு 'மைக்கேல் மதன காமராஜன்', அடுத்த வருடமே 'குணா'. முதல் படத்தில் வயிறு வலிக்கச் சிரித்தவர் அதே முகத்தை நம்பி இரண்டாவதற்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும், அது வேறு விஷயம். ரஜினிகாந்துக்கு 1978-இல் மட்டும் ஏறக்குறைய இருபது படங்கள் வந்தன. அதே ஆள், அதே வருடம், அதே உழைப்பு. இன்றும் பேசப்படுவதில் முதலில் நிற்பது 'முள்ளும் மலரும்'. காரணம் ரஜினி மட்டும் இல்லை. உமா சந்திரனின் நாவல், அதைத் திரைக்குக் கொண்டுவந்த மகேந்திரன், பாலு மகேந்திராவின் கேமரா மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

நடிகர் ஒரு படத்தை ஒத்துக்கொள்ளப் பல காரணங்கள் இருக்கும். தேதி காலியாக இருந்திருக்கலாம், தயாரிப்பாளர் பழைய நண்பராக இருக்கலாம், உட்கார வைத்து வாயால் சொன்னபோது கதை பிரமாதமாக இருந்திருக்கலாம். கதை சொல்வதில் கெட்டிக்காரரான இயக்குநர் அதை எடுப்பதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நடிகரின் பெயர் போஸ்டரில் முகமாக இல்லாமல் 'தயாரிப்பு' என்ற வரியில் இருந்தால் நான் நின்று பார்ப்பேன். தனுஷும் வெற்றிமாறனும் சேர்ந்து தயாரித்த 'காக்கா முட்டை' (2015) படத்தில் ஹீரோ கிடையாது, பீட்சாவுக்கு ஆசைப்படும் இரண்டு சிறுவர்கள்தான். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் பின்னால் நின்றதால்தான் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' பலருக்கும் தெரிய வந்தது. தன் முகம் இல்லாத படத்தில் ஒரு நடிகர் காசு போடுகிறார் என்றால் அந்தக் கதையில் அவருக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மறைமுகச் செலவு? 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' (2024). சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி நாயகன். 'விடுதலை' சூரியை எதிர்பார்த்து உள்ளே போனவருக்குப் பின்னணி இசையே இல்லாத, முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிற ஒரு படம் காத்திருந்தது. எரிச்சலோடு எழுந்து வந்தவர்களும் உண்டு, வாயடைத்து உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. இன்னொரு செலவு, ரசிகன் மெல்ல மெல்ல வக்கீல் ஆகிவிடுவது. படம் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டு, "இரண்டாவது பாதி ஓகேதான்" என்று வாதாடிக்கொண்டிருப்போம்.

## இயக்குநரை நம்பினால்

நடிகரைவிட இது நிச்சயம் பலிக்கும். ஒரு காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், யார் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும், எந்த ஷாட் வேண்டாம் என்றெல்லாம் முடிவெடுக்கிறவர் அவர். வெற்றிமாறன் படம் என்றால் எனக்கு ட்ரெய்லர்கூட வேண்டாம்.

ஆனால் எல்லா இயக்குநருக்கும் இது பொருந்தாது. கே.எஸ். ரவிகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாட்டாமை'யும் அவர்தான், 'படையப்பா'வும் அவர்தான், 'அவ்வை சண்முகி'யும் 'பஞ்சதந்திர'மும் அவர்தான். அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன காத்திருக்கிறது என்று சொல்லவே முடியாது. சுந்தர்.சி என்றால் கலகலப்பான குடும்பக் காமெடி என்று நினைத்து, "நமக்கு அது சரிப்படாது" என்று ஒதுங்கியவர் 2003 பொங்கலுக்கு 'அன்பே சிவ'த்தைத் தவறவிட்டிருப்பார். அதை இயக்கியவர் சுந்தர்.சி என்பதை இன்றும் நம்பாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

பெரிய ஓட்டை வேறொன்று. இயக்குநர் பெயரைப் பார்த்தே போகிறவருக்கு முதல் படம் எடுப்பவர் கண்ணிலேயே பட மாட்டார். 2012-ஐப் பாருங்கள். பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி', கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா', பாலாஜி தரணீதரனின் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி'. நான்கும் அவரவர் முதல் படம், நான்கும் ஒரே வருடம். தெரிந்த பெயருக்குத்தான் போவேன் என்று உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வருடம் பாதி வீணாகிப் போயிருக்கும்.

இதற்கு மாற்றாக "யாரிடம் உதவி இயக்குநராக இருந்தார்?" என்று விசாரிப்பது நம்மிடம் ஒரு பழக்கம். பாலு மகேந்திராவிடமிருந்து பாலா, வெற்றிமாறன், ராம். ராமிடமிருந்து மாரி செல்வராஜ் என்று அந்தக் கோடு அழகாகத்தான் போகிறது. ஆனால் ரஞ்சித் இருந்தது வெங்கட் பிரபுவிடம். குருவின் படத்தைப் பார்த்துச் சிஷ்யரைக் கணித்திருந்தால் 'காலா'வை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், உச்ச நட்சத்திரத்தோடு சேரும்போது இயக்குநர் எவ்வளவு தூரம் தன் படத்தைத் தக்கவைத்துக்கொள்கிறார் என்பது. இங்கே இயக்குநர் ரசிகர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள். சின்ன பட்ஜெட்டில் கலக்கியவர் பெரிய ஹீரோவுக்கு அறிமுகக் காட்சி எழுதவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் அங்கே உட்கார்ந்திருப்பது வேறொரு இயக்குநர்.

## எழுத்தாளர் பெயரைத் தேடினால்

என் ஓட்டு இதற்குத்தான். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் 'கதை', 'வசனம்' என்று இருக்கும் வரிகளைப் படியுங்கள்.

மேலே சொன்ன ரவிகுமார் புதிரையே பாருங்கள். 'அவ்வை சண்முகி' (1996), 'தெனாலி' (2000), 'பஞ்சதந்திரம்' (2002) மூன்றுக்கும் வசனம் கிரேசி மோகன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்', 'மகளிர் மட்டும்' மூன்றிலும் அவர்தான். சரண் இயக்கிய 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்திலும் அவரே. இயக்குநர் மாறினாலும் ஒரு வாக்கியத்தை எதிராளி தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பு அடுத்த தப்பைப் பெற்றெடுக்கிற அந்த ஓட்டம் மட்டும் மாறவில்லை. இயக்குநர் பெயரால் கணிக்க முடியாததை வசனகர்த்தா பெயர் போஸ்டரிலேயே சொல்லிவிட்டது.

சுஜாதாவும் அப்படித்தான். மணிரத்னத்துக்கு 'ரோஜா', 'கன்னத்தில் முத்தமிட்டால்'. ஷங்கருக்கு 'இந்தியன்', 'முதல்வன்', 'அந்நியன்', 'சிவாஜி'. சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் ஒரு குசும்பு, சட்டென்று ஒரு தகவல். 2008-இல் அவர் மறைந்தார். அவர் பங்களித்த 'எந்திரன்' 2010-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஷங்கர் படங்களில் பிரம்மாண்டம் குறையவே இல்லை, ஆனால் அந்தக் குசும்பு எங்கே என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

எழுத்தை மதிக்கிற இயக்குநரைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. வெற்றிமாறனின் 'விசாரணை' மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'பிலிருந்து வந்தது, 'அசுரன்' பூமணியின் 'வெக்கை'யிலிருந்து, 'விடுதலை' ஜெயமோகனின் 'துணைவ'னிலிருந்து. 'சூப்பர் டீலக்ஸ்' எழுத்தில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோர் பெயரும் இருக்கிறது. தானே ஒரு நல்ல எழுத்தாளராக இருந்தும் இன்னும் மூன்று பேரை உட்கார வைத்து எழுதுகிறார் என்றால் அந்தப் படத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன். நம் ஊரில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நாலையும் ஒரே பெயரில் போட்டுக்கொள்வது ஒரு கௌரவம். பாக்யராஜ் மாதிரி நாலையும் தாங்கியவர்கள் உண்டு. எல்லாரும் பாக்யராஜ் இல்லை.

இந்த வழிக்கும் சறுக்கல் உண்டு, மறைக்கவில்லை. 'கடல்' (2013) எழுத்து ஜெயமோகன், இயக்கம் மணிரத்னம், கேமரா ராஜீவ் மேனன், இசை ரஹ்மான். இதைவிடப் பெரிய பெயர்ப் பட்டியலை யாரும் கேட்க முடியாது. படம் ஓடவில்லை, பாட்டுகள் மட்டும் நின்றன. அதே ஜெயமோகன் வசனம் எழுதிய 'நான் கடவு'ளும் 'அங்காடித் தெரு'வும் மறக்கவே முடியாதவை.

செலவு என்று பார்த்தால் நேரம்தான். எழுத்தாளர் பெயரை ட்ரெய்லரில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கும், புக்கிங் செயலிகளில் நடிகர் படம் பெரிதாக வரும், எழுதியவர் எங்கோ கடைசியில் கிடப்பார். மூல நாவலைப் படித்துவிட்டுப் போனால் முடிவும் தெரிந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படிப்பதே எனக்குச் சரியாக வருகிறது.

கேமரா, எடிட்டிங் பெயர்களும் இதே பொடி எழுத்துக் குடும்பம்தான். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமார். அந்தக் கதையே அவர் வாழ்க்கையில் நடந்ததுதான். அந்தப் பெயரை அன்றைக்கே மனதில் குறித்து வைத்தவர் 2018-இல் '96' போஸ்டரில் 'இயக்கம் - சி. பிரேம்குமார்' என்று பார்த்ததும் முதல் ஆளாகப் போயிருப்பார். ஆனால் ஒளிப்பதிவாளரை மட்டும் நம்பிப் போவது கொஞ்சம் ஆபத்து. கண்ணுக்கு அழகாக, கதைக்குத் தலைவலியாக வந்த படங்கள் எத்தனை!

## ட்ரெய்லர், பாட்டு

இதை நீட்டத் தேவையில்லை. ட்ரெய்லர் விளம்பரம். இரண்டரை நிமிடத்துக்கு நல்ல ஷாட் எந்தப் படத்திலும் இருக்கும். சத்தமும் வெட்டும் கழித்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கலாம்: இரண்டு பேர் பேசிக்கொள்ளும் துண்டு ஏதாவது இருந்தால் அந்த வசனம் மனிதர்கள் பேசுவது மாதிரி இருக்கிறதா என்பதை.

பாட்டை நம்பவே நம்பாதீர்கள். இளையராஜா பாட்டு மட்டும் ஊரெல்லாம் ஒலிக்க, படத்தின் பெயரே மறந்துபோனவை எத்தனையோ. படத்தைத் தூக்கி நிறுத்துவது பின்னணி இசை, அது முன்கூட்டி நம் காதுக்கு வராது.

## விமர்சனமும் வாய்ப்பேச்சும்

பலிப்பில் இதற்கு நல்ல மதிப்பெண்தான், ஆனால் எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் நாள் காலைக் காட்சி முடிந்து தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டும்போது வருவது கருத்து இல்லை, கொண்டாட்டம் அல்லது கோபம். இதில் தயாரிப்பாளர்களும் சூடு பட்டிருக்கிறார்கள். படம் வெளியான முதல் மூன்று நாளுக்கு விமர்சனத்தைத் தடை செய்யக் கோரி 2024 டிசம்பரில் அவர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அதுதான் நியாயம் என்பது என் எண்ணம். காசு கொடுத்தவன் பேசத்தான் செய்வான்.

ஆனால் வெளியான வாரத்துத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை. 'அன்பே சிவம்' வந்தபோது ஓடவில்லை. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) வந்தபோது திட்டியவர்கள் பலர். 2021 கடைசி நாளில் மறுபடி வெளியிட்டபோது கொண்டாடியவர்கள் பலர். கூட்டம் சொல்வதை மட்டும் கேட்டிருந்தால் இந்த இரண்டையும் தியேட்டரில் பார்த்திருக்க முடியாது.

காத்திருப்பதற்குச் சின்ன லாபமும் ஒன்று உண்டு, சின்ன நஷ்டமும் ஒன்று உண்டு. 'மெய்யழகன்' வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. அவசரமாகப் போனவர் பார்த்தது நீளமான படம், அடுத்த வாரம் போனவர் பார்த்தது சுருக்கமானது. எனக்கு நீளமானதுதான் பிடித்தது. இரவெல்லாம் உட்கார்ந்து பேசுகிற ஒரு கதையில் எதற்கு அவசரம்?

விமர்சகர்களில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து படியுங்கள். அவர் ரசனை உங்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒருவர் "மெதுவாகப் போகிறது" என்று குறை சொன்னால் எனக்கு அந்தப் படம் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது. அவரை நான் விடவே மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | பலிக்குமா | புதுசைக் காட்டுமா | சுவாரசியம் மிஞ்சுமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| நடிகர் | பாதிக்குப் பாதி | அரிது | மிஞ்சும் | வக்கீல் வேலை |
| இயக்குநர் | பெரும்பாலும் | ஓரளவு | மிஞ்சும் | புதியவர்களைத் தவறவிடுவது |
| எழுத்தாளர் | பெரும்பாலும் | நிறைய | மூல நூல் படிக்காவிட்டால் மிஞ்சும் | பெயரைத் தேடும் நேரம் |
| ட்ரெய்லர், பாட்டு | நம்ப முடியாது | எப்போதாவது | கெடும் | நல்ல காட்சிகள் முன்பே தெரிந்துவிடும் |
| விமர்சனம் | தாமதமாகக் கேட்டால் பலிக்கும் | ஆளைப் பொறுத்து | பெரும்பாலும் கெடும் | ஸ்பாய்லர், தியேட்டரை விட்டுப் படம் போய்விடும் அபாயம் |

## யாருக்கு எது

பொங்கல், தீபாவளிக்குப் பத்துப் பேராகப் போகிறீர்களா? நடிகர் பெயரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அங்கே எழுத்தாளரைத் தேடிக்கொண்டிருந்தால் டிக்கெட் தீர்ந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களோடு, குழந்தைகளோடு என்றால் இரண்டாவது வாரம் வரை பொறுங்கள். ஏற்கெனவே பார்த்த ஒருவரிடம் கேளுங்கள், அவரும் குடும்பத்தோடு போனவராக இருக்க வேண்டும். சான்றிதழையும் பாருங்கள். 2024 முதல் யுஏ என்பதை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். வெட்டுக் குத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இருக்க அந்த ஒரு எண் போதும்.

தனியாகப் போகிறவர், சினிமாவைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர், நாளைக்குத் தானே ஒரு குறும்படம் எடுக்கலாம் என்று நினைக்கிறவர், இவர்களுக்கெல்லாம் எழுத்தாளர் வழிதான். பிடித்த படம் ஒன்றை எடுத்து அதை எழுதியவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று தேடினால் வரிசையாக நாலு படம் கிடைக்கும், கூடவே இரண்டு நாவலும்.

ஓடிடியில் பார்ப்பதானால் இவ்வளவு கணக்கே வேண்டாம். அங்கே சறுக்கினால் போவது இருபது நிமிடம். முதல் படம் எடுத்தவர்களுக்கு அந்த இருபது நிமிடத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. ஹீரோ உங்களுக்கு உயிர், இயக்குநர் புதியவர், எழுதியது யார் என்றே தெரியவில்லை. அப்படியானால் வெள்ளி காலையில் ஓட வேண்டாம், இரண்டாவது வாரத்துக்கும் தள்ள வேண்டாம். சின்னப் படமாக இருந்தால் அதற்குள் காட்சியைக் குறைத்துவிடுவார்கள். சனிக்கிழமை மதியம், உங்களைப் போல இல்லாமல், அந்த ஹீரோவைப் பிடிக்காத நண்பன் ஒருவனுக்குப் போன் போடுங்கள். அவன் "பரவாயில்லடா" என்றாலே போதும், மாலைக் காட்சிக்கு எடுத்துவிடலாம்.